கைப்பிடி இல்லாத பிடி

முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரத்தில், நான் ஓர் இரும்புத் துண்டோடு மல்லுக்கட்டினேன்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். ஊர் ஆண்களெல்லாம் பள்ளிக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம்கூட இல்லை. நான் கறியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, பின்வளவில் இருக்கும் எங்கள் பட்டறைக்குள் போனேன். என் கணவர் செய்து முடித்து வைத்திருந்த சாமானைத் துணிக்குள்ளிருந்து எடுத்தேன். அதன் வால்பக்கத்தை, லேத் மெஷினில் அதற்கென்று இருக்கும் ஓட்டைக்குள் செருகப் பார்த்தேன்.

போகவில்லை.

திருப்பிச் செருகினேன். போகவில்லை. ஓட்டைக்குள் விரல் விட்டுத் துடைத்து, பிஸ்மி சொல்லித் தள்ளினேன்... முனை மட்டும் கொஞ்சம் உள்ளே போய் நின்றுவிட்டது.

விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சருக்கு ஒரு துண்டை ஓர் ஓட்டைக்குள் போடத் தெரியாதா? தெரியும். இதே சாமான் இதே ஓட்டைக்குள் கச்சிதமாக உட்கார்ந்ததைச் சில நாட்களுக்கு முன் கண்ணால் பார்த்தவள் நான். பிறகு ஏன் இப்போது போகவில்லை?

பொறுங்கள். கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கவேண்டும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் மகன் அஸ்லமைத் தெரியும். நண்டு ஒன்றைப் புத்தகப் பைக்குள் போட்டு ஸ்கூலுக்குக் கொண்டுபோனவன் என்று முன்பு எழுதியிருக்கிறேனே — அவன்தான். இப்போது கட்டாரில் ஒரு மெஷின் ஷொப்பில் வேலை செய்கிறான். நாங்கள் இருப்பது ஏத்தாளையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் மணல். என் கணவர் முன்பு உப்பளத்தில் பம்ப் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு பழைய லேத் மெஷின், அவர். படகு என்ஜின்காரர்கள் வருவார்கள். தோட்டங்களிலிருந்து தண்ணீர்ப் பம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அஸ்லம் வேலை பழகியதும் அந்தக் கொட்டிலில்தான். ஏ.எல். பரீட்சைக்குப் படி என்று நான் அனுப்பிய நேரத்தையெல்லாம் அவன் அங்கேதான் செலவழித்தான்.

அவனிடமிருந்து ஒரு நாள் வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். அமர்த்திக் காதில் வைத்தேன்.

"உம்மா, பயப்படாதீங்க..."

இந்தச் சொற்களோடு தொடங்கும் ஒரு செய்தியைக் கேட்டுப் பயப்படாமல் இருந்த தாய் யாராவது உலகத்தில் உண்டா? மீதியை நான் கேட்கவே இல்லை. பக்கத்திலிருந்த டீச்சர்தான் போனை வாங்கிக் கேட்டு, "கைதான்... விரல்தான்... உயிருக்கு ஒண்டுமில்ல" என்று சொல்லிக்கொண்டே என் முதுகைத் தடவினார்.

என்ன நடந்தது என்று சொல்ல, ஒரு சின்னச் சாமானை உங்களுக்குக் காட்டவேண்டும். டை என்பார்கள். கழுத்தில் கட்டுகிற டை இல்லை. க்ரீம் பிஸ்கட் அளவுக்கு வட்டமான ஓர் உருக்குத் துண்டு. நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் பற்கள். ஒரு கம்பியின் நுனியில் வைத்துத் திருகினால், அந்தப் பற்கள் கம்பியில் புரி வெட்டும். கம்பி போல்ட் ஆகிவிடும். டையைத் தனியாகக் கையால் பிடிக்க முடியாது அல்லவா? அதனால் ஒரு பிடியில் பூட்டுவார்கள். வழக்கமான பிடிக்கு இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு கைகள் இருக்கும்.

கையால் திருகும்வரை அதில் ஆபத்தில்லை. ஆனால் வேலை அவசரம் என்றால் கம்பியை லேத் மெஷினில் பூட்டி, மெஷினையே சுற்றவிடுவார்கள். பிடியின் ஒரு கொம்பு மெஷினில் முட்டிக்கொண்டு நிற்கும். கம்பி சுற்றச் சுற்றப் புரி விழும். எங்கேயாவது டை இறுகிப்போனால்? பிடி முழுதாகச் சுழன்று அடிக்கும். அப்போது அந்தக் கொம்புக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு கை இருந்தால்...

என் மகனின் இடது கை இருந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும்.

எலும்பு உடைந்து, கம்பி வைத்து, பெரிய வெள்ளைக் கட்டு. படம் அனுப்பியிருந்தான். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் வெறும் வெள்ளைக் கட்டங்கள் மட்டும் தெரியும்வரை பார்த்தேன். அதற்குப் பிறகும் பெரிதாக்கினேன்.

என் கணவரும் படத்தை வாங்கிப் பார்த்தார். ஆனால் விரலைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலாகத் தெரிந்த மெஷினைப் பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார். கொட்டில் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு வாப்பாவா?

அன்றிலிருந்து எனக்கு ஒரே பாட்டுத்தான். "வந்துடு மகன். இஞ்ச வாப்பாட மெஷின் இரிக்கி, வீடு இரிக்கி, நாங்க இரிக்கம். என்னத்துக்கு அங்க கிடந்து கஷ்டப்படுற?" ஒவ்வொரு அழைப்பிலும் இதுதான். அவனும் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரே பதில்தான் சொன்னான்.

"பாப்பம் உம்மா."

எங்கள் பக்கத்தில் "பாப்பம்" என்பது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. பஸ் வருமா என்று கேட்டாலும் பாப்பம், மழை பெய்யுமா என்று கேட்டாலும் பாப்பம். ஆனால் மகன் சொன்னால் ஒரு தாயின் காதுக்கு அது ஓம்தான். உங்களுக்கும் அப்படித்தானே?

படம் வந்த அடுத்த நாள் காலையில் கொட்டிலில் மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பழைய படகு ஒன்றின் புரொப்பெல்லர் தண்டிலிருந்து தடித்த துண்டொன்றை அறுத்து, மெஷினில் பூட்டிக் கடைந்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் யாரும் வந்திருக்கவில்லை.

"ஆருக்கு?"

"வேலை இரிக்கி."

அவ்வளவுதான் பதில். இவரிடம் இரண்டாவது பதில் எடுப்பது கல்லில் நார் உரிப்பதைப் போன்றது. நான் தேநீரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளுக்கு நாள் அந்தத் துண்டு உருமாறியது. ஒரு முனையில் டை உட்காரும் அளவுக்கு வட்டமாகக் குடைந்தார். டை அசையாமல் இருக்கப் பக்கங்களில் சின்னத் திருகாணிகள் வைத்தார். பின்பக்கத்தில் நீளமான ஓட்டை போட்டார். அந்த ஓட்டைக்குள் போகும்படி, வழவழப்பான தண்டு ஒன்றையும் தனியாகக் கடைந்தார். தண்டின் அடிப்பக்கம் கரட் கிழங்கு மாதிரி மெல்ல மெல்ல ஒடுங்கும். அதுதான் வால். வாலை மெஷினின் பின்தலையில் இருக்கும் ஓட்டைக்குள் செருகினால் இறுகி நிற்கும். முன்னால் நீண்டிருக்கும் தண்டில், டை பூட்டிய உடம்பு முன்னும் பின்னும் சறுக்கிக்கொண்டு போகும்.

கடைசியாக உடம்பின் வெளிப்பக்கம் முழுதும் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு வைத்தார். பார்க்க அன்னாசிப் பழத்தின் தோல் மாதிரி இருந்தது.

"இதென்ன, போத்தல் மூடியா?" என்றேன்.

"டை பிடிக்கிற பிடி."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். "பிடி எண்டா கைப்பிடி எங்க?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல்ல. அது இல்லாததுதான் இதுட விசேஷம்."

எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. அல்லது விளங்கியது என்று நினைத்தேன். இந்த மனிதர் பேசாமல் இருந்து என்ன செய்கிறார்? மகன் வந்து வேலை செய்யப்போகும் மெஷினுக்கு, மகனின் கையைக் கடிக்காத ஒரு பிடியைச் செய்கிறார்! வாயால் "வா" என்று சொல்லத் தெரியாத ஆள், இரும்பால் சொல்கிறார்!

அன்று பகல் தேநீரோடு இனிப்பாக ஒரு துண்டு தொதலும் வைத்தேன்.

நடுவில் ஒரு சம்பவம். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். கடலிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். குடைக் கம்பி, ஜன்னல் கொளுக்கி, பேனா நிப்பு — எதையும் விடாது. அதனால் இவருக்கு ஒரு வழக்கம். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னதும் மெஷினை நிறுத்துவார். மெஷினில் பூட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுவார். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, சுற்றி, மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டுத்தான் தொழுகைக்கு வுழூச் செய்யப் போவார். உப்பளத்து நாளிலிருந்தே அப்படித்தான்; எங்கள் கலியாணத்துக்கு அடுத்த வாரம்கூட இந்த வழக்கம் மாறவில்லை. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அஸ்லமின் கைக்கட்டை அவிழ்த்த அன்று மாறியது.

அன்று அவன் வாப்பாவின் போனுக்கு அழைத்தான். இவர் போனை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு வெளியே, முருங்கை மரத்தடிக்குப் போனார். நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ம்" என்றார். பிறகும் "ம்" என்றார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அப்படியே பள்ளிப் பக்கமாக நடந்துவிட்டார்.

"என்னவாம்?" என்று பிறகு கேட்டேன்.

"கட்டு அவுத்துட்டாங்களாம். ஒரு விரல் கொஞ்சம் மடங்குதில்லையாம்."

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் காலையில் பார்த்தால் — எண்ணெய் போடாமல் விட்ட பிடி, மிளகாய் போட்ட தேங்காய்ச் சம்பல் நிறத்தில் சிவந்திருந்தது. அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் துரு. உடம்பு தண்டோடு இறுகி, அசையவே இல்லை.

"என்ன மாஸ்டர், உங்களுக்கும் வயசு போச்சு போல?" என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதைக் கழற்றி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, புதிதாக இன்னொரு துண்டை அறுக்கத் தொடங்கினார். இத்தனை நாள் வேலை போய்விட்டதே என்ற ஒரு பெருமூச்சுகூட இல்லை. இரும்பில் அவ்வளவு பொறுமை உள்ள மனிதர் அன்று ஏன் எண்ணெயை மறந்தார் என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

என்ன வேலை? அஸ்லமின் அறையை ஒதுக்கினேன். கட்டிலின் நுளம்பு வலையைத் துவைத்துக் காயவைத்தேன். அவனுடைய அலுமாரியின் துருப்பிடித்த பூட்டை மாற்றினேன். பக்கத்து வீட்டு சுபைதா ராத்தா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன டீச்சர், மகன் வாறானா?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா. வாறான்."

"எப்ப?"

"வாறான்," என்றேன் மறுபடியும்.

இரண்டாவது பிடி முடிந்த அன்று இவர் என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். தண்டின் வால் எங்கள் மெஷினின் பின்தலைக்குள் உட்கார்ந்திருந்தது. உடம்பு தண்டில் சறுக்கியது. முன்னால் மெல்லிய கம்பியொன்று சுற்றுவதற்குத் தயாராக இருந்தது.

"வந்து பிடிச்சுப் பாரு."

"நானா? அல்லாஹ்வே... என்ட கையும் போகட்டும் எண்டா?"

"போகாது. அதுக்குத்தானே செஞ்ச."

பிடித்தேன். அன்னாசித் தோல் உள்ளங்கையில் உரசியது. மெஷினை மிக மெதுவாக ஓடவிட்டார். உடம்பைத் தள்ளிக்கொண்டு போனேன். டையின் பற்கள் கம்பியைக் கவ்வின. ஒரு சின்ன இழுப்பு. பிடியே என்னை முன்னால் கூட்டிக்கொண்டு போவதைப் போலிருந்தது. கம்பியின் நுனி மறுபக்கத்தால் புரியோடு எட்டிப் பார்த்தது. நான் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போகையில் — டக்கென்று இறுகியது.

கத்திக்கொண்டு கையை எடுத்துவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கொம்பு இல்லை, அடி இல்லை. பிடி கம்பியோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கைவிட்ட பிள்ளை முற்றத்தில் வட்டமாக ஓடுவதைப் போல... தன்பாட்டுக்கு.

இவர் மெஷினை நிறுத்தினார். "அவ்வளவுதான். இறுகினா விட்டுடணும். விட்டா அது பாட்டுக்குச் சுத்தும். விடாம நிண்டாத்தான் ஆபத்து. இதுல விடாம நிக்கவும் ஏலா, தன்பாட்டுல வழுக்கிப் போகும். பெரிய புரிக்குச் சரிவராது. சின்னதுகளுக்கு இது காணும்."

நான் அந்தப் புரியைத் தடவிப் பார்த்தேன். நேராக, சுத்தமாக இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

இப்போது முந்தின வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

இவர் பள்ளிக்குப் போனபின் எனக்கு ஓர் ஆசை. நானே தனியாக அதைப் பூட்டி, ஒரு கம்பியில் புரி வெட்டி, வீடியோ எடுத்து அஸ்லமுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? "பாரு மகன், உம்மாவாலேயே ஏலுமெண்டா..." என்று ஒரு வசனம்கூட மனதுக்குள் தயார். அப்படித்தான் அந்த மல்லுக்கட்டு. அன்று போன சாமான் இன்று போகவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். தொப்பியைக் கழற்றிக்கொண்டே இவர் வந்தார். என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தள்ளாத. அது போகாது."

"அண்டைக்குப் போச்சே?"

"அண்டைக்குப் போட்டது சின்ன வால். ரெண்டாம் நம்பர். சோதிச்சுப் பாக்கச் செஞ்ச. இது மூணாம் நம்பர்."

"எங்கட மெஷினுக்கு எது?"

என் கையிலிருந்து அதை வாங்கினார். எண்ணெய்த் துணியால் துடைத்தார்.

"எங்கடது ரெண்டு. மூணு... அவன்ட மெஷினுக்கு."

என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. வெற்றுக் கை.

"அவன்ட மெஷின் எண்டா? அதான் வாறானே?"

"வரல்ல."

"ஆரு சொன்ன?"

"அவன்தான் சொன்னான். கட்டு அவுத்த அண்டைக்கு. திரும்ப வேலைக்குப் போறானாம். அதே மெஷின்தானாம். உனக்கிட்ட சொல்ல அவனுக்கு வாய் வரல்ல. எனக்கும் வரல்ல."

முருங்கை மரத்தடியில் கேட்ட அந்த இரண்டு "ம்" இப்போது எனக்கு விளங்கியது. எண்ணெய் போடாமல் விட்ட இரும்பும் விளங்கியது.

நான் சத்தம் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படிதான் போட்டேன். "விரல உடைச்ச மெஷினுக்கே திரும்ப அனுப்பப் பாக்குறீங்களா? அதுக்குச் சாமானும் செஞ்சு குடுக்குறீங்களா? நீங்க ஒரு வாப்பாவா?"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்தைத் துடைத்தார்.

"நான் அனுப்பல்ல புள்ள. அவன் போற. நான் போகாத எண்டா நிப்பானா? வா எண்டு நீ எத்தின தரம் சொன்ன, வந்தானா?" கொஞ்சம் நிறுத்தினார். "அவன் வராட்டி, என்ட கையால ஒண்டு அவன்ட கையில இரிக்கட்டும்."

கறி ஆறிப்போயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வான் கட்டாருக்குத் திரும்புகிற நாள். ஆலங்குடாப் பையன். அங்கே அஸ்லம் இருக்கும் ஊரிலேயே அவனுக்கும் வேலை, லீவுக்கு வந்திருந்தான். எங்கள் பக்கத்தில் ஒருவன் பயணம் போகிறான் என்றால், அவனுடைய சூட்கேஸ் அவனுடையது இல்லை. ஊரிலுள்ள உம்மாமார் எல்லாரும் பங்குதாரர்கள். கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், யாருக்கோ தொப்பி, யாருக்கோ மருந்து எண்ணெய்... போன தரம் ஒருவர் அம்மிக் குழவி அனுப்பப் பார்த்ததாகக் கேள்வி.

ரிஸ்வானின் வாப்பா மீன் வியாபாரி. முற்றத்து மாமரக் கிளையில் மீன் நிறுக்கும் தராசைக் கட்டி, அதன் கொளுக்கியில் சூட்கேஸைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய பாரை மீனைப் போல அது ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பார்சல் போடும்போதும் எல்லாரும் தராசு முள்ளைப் பார்த்தார்கள்.

நான் தொதல் கொண்டுபோயிருந்தேன். முதல்நாள் முழுக்கக் கிண்டியது. வாழையிலையில் சுற்றி, அதற்குமேல் பொலித்தீன். ஐந்து விரலும் மடங்காவிட்டாலும் தின்னக்கூடியதல்லவா? இவர் பின்னால் வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பார்சல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரிஸ்வான் இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். முகம் மாறியது.

"மாமி, கோவிச்சுக்காதீங்க. முள்ளு இப்பவே கடைசிக்கு வந்துட்டு. ரெண்டுல ஒண்டுதான் போகும்."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் சொன்னார்.

"உம்மாட தொதலையே போடு மகன். இது இரிக்கட்டும். பிறகு பாப்பம்."

பாப்பம்.

தாளில் சுற்றியிருந்த அதை அவர் திருப்பி வாங்கினார். வாங்கி, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். கடைக்குப் பம்ப் சாமான் கொண்டுபோகிறவர் போல இல்லை... பிரசவ வார்டிலிருந்து அஸ்லமைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அப்படித்தான் நின்றார்.

எனக்கு அந்தக் கொம்பு நினைவுக்கு வந்தது. அந்த மெஷின். நாளைக்கோ மறுநாளோ என் மகன் மறுபடி பிடிக்கப்போகும் அந்தப் பழைய பிடி.

"ரிஸ்வான், தொதல வெளிய எடு."

"மாமி?"

"எடு எண்டுறன். தொதல் தின்னாட்டி ஒண்டும் ஆகாது."

ரிஸ்வான் தொதலை எடுத்துவிட்டு, இவரிடமிருந்து இரும்பை வாங்கி, தன்னுடைய சாரன்களுக்கு நடுவில் வைத்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "எயார்போர்ட்ல இது என்னெண்டு கேட்டா என்னெண்டு சொல்லுற?"

"புரி வெட்டுற டைட பிடி எண்டு சொல்லு," என்றார் இவர்.

"அவங்களுக்கு விளங்குமா?"

"உனக்கே விளங்கல்ல, அவங்களுக்கு எப்படி விளங்கும்?" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முற்றத்திலிருந்து வெளியே வரும்வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

தொதலை ரிஸ்வானின் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். ஒரு துண்டை மட்டும் திரும்பக் கொண்டுவந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நேற்று அஸ்லமிடமிருந்து வீடியோ வந்தது. "பயப்படாதீங்க" என்று தொடங்கவில்லை. "வாப்பா, பாருங்க!" என்று தொடங்கியது. பெரிய, பச்சை நிற மெஷின். அதன் பின்தலைக்குள் மூன்றாம் நம்பர் வால் அளவெடுத்துத் தைத்ததைப் போல உட்கார்ந்திருக்கிறது. என் மகனின் இடது கை அந்த அன்னாசித் தோலைப் பிடிக்கிறது. சுட்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது, யாருக்கோ வழி சொல்வதைப் போல. கம்பி சுற்றுகிறது. புரி விழுகிறது. இறுகுகிறது —

விட்டுவிட்டான். அது தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. பின்னால் யாரோ வேறு மொழியில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இவர் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இந்தமுறை மெஷினைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தார்.

பிறகு அவனே அழைத்தான். "உம்மா, ரிஸ்வான் நானா இரும்ப மட்டும்தான் தந்தாரு. தொதல் எங்க?"

"இஞ்ச இரிக்கி. வந்து தின்னு."

"பாப்பம் உம்மா," என்றான்.

இந்தமுறை எனக்கு அது ஓம் என்று கேட்கவில்லை. பாப்பம் என்றுதான் கேட்டது. அதற்காக அழவில்லை, அழாமல் இருக்கவும் இல்லை. "கையப் பாத்துக்க மகன்" என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளை வளர்க்கிற நாங்கள் எல்லாரும் கொம்பு வைத்த பிடிகள்தான் போலிருக்கிறது. இறுகின நேரத்தில் விடத் தெரியாமல் நின்று, அடியை யார் மேலாவது விழவைத்துவிடுகிறோம். இதை எனக்குச் சொல்லித்தர ஒரு புரொப்பெல்லர் தண்டு அறுபடவேண்டியிருந்தது.

இன்று காலையில் கொட்டிலைக் கூட்டப் போனேன். மெஷினின் பின்தலையில் ஏதோ மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தச் சின்ன வால். ரெண்டாம் நம்பர். சோதித்துப் பார்க்கச் செய்தது. முன்னால் வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, உடம்பு இல்லாமல்.

அஸர் பாங்கோடு எல்லாவற்றையும் கழற்றி இலாச்சிக்குள் வைக்கிற மனிதர் இதை மட்டும் மெஷினிலேயே விட்டிருக்கிறார்.

"இத மறந்துட்டீங்க," என்றேன், பின்னால் வந்த இவரிடம்.

"மறக்கல்ல." போத்தலிலிருந்து எண்ணெயைத் துணியில் ஊற்றிக்கொண்டே சொன்னார். "உடம்பு ஒண்டுதான். வால்தான் மெஷினுக்கு மெஷின் மாறும். அவன் எப்பயாவது வந்தா, உடம்ப மட்டும் பையில போட்டுக்கொண்டு வந்தாச் சரி. இஞ்ச பூட்டலாம்."

நான் அவர் கையிலிருந்து அந்தத் துணியை வாங்கி, வெறும் தண்டைத் துடைத்தேன்.

விடவேண்டிய இடத்தில் விட்டாயிற்று... எண்ணெய்த் துணியை மட்டும் நான் விடுவதாக இல்லை.